சருகுமான் வாங்கிய குலச்சின்னம்

ஒரு காட்டில், அதாவது தேயிலைத் தோட்டம் முடிந்து, 'இங்கே வண்டியை நிறுத்தாதீர்கள்' என்ற பலகைக்குப் பின்னால் தொடங்குகிற காட்டில், ஒரு வேங்கைப்புலி இருந்தது. பலகையைப் படிக்கிற எல்லோரும் அங்கேதான் வண்டியை நிறுத்துவார்கள். இறங்குவார்கள், போட்டோ எடுப்பார்கள், எதையாவது தின்பார்கள், மிச்சத்தைக் காட்டுக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அப்படி ஒரு நாள் ஒரு பிஸ்கட் டின்னின் மூடி வந்து சேர்ந்தது.

மூடியில் ஒரு படம். நடுவில் கேடயம், இரண்டு பக்கமும் பின்னங்காலில் நிற்கிற இரண்டு சிங்கங்கள், கீழே ஒரு ரிப்பன், ரிப்பனுக்குள் யாருக்கும் புரியாத மொழியில் ஒரு வாசகம்.

வேங்கை மூடியை முகர்ந்து பார்த்தது. வெண்ணெய் வாசனை. நக்கிப் பார்த்தது. தகரம். பிறகு குரங்கைக் கூப்பிட்டது. குரங்கு எஸ்டேட் கிளப்பின் கூரைமேல் பிறந்து வளர்ந்தது. ஆகவே வெளியுலகம் தெரிந்தவர் என்று காட்டில் அதற்குப் பெயர்.

"இது என்ன?"

"குலச்சின்னம் ஐயா. பெரிய குடும்பத்துக்கு மட்டும்தான் இருக்கும். வாசல் கேட்டு, காரு, தட்டு, சோப்புப் பெட்டி எல்லாத்துலயும் போட்டு வச்சிருப்பாங்க."

"எதுக்கு?"

"அவங்க யாருன்னு தெரியறதுக்கு."

"பார்த்தா தெரியாதா?"

"பார்த்தா எல்லாரும் ஒரே மாதிரிதான் இருப்பாங்க ஐயா. அதான் பிரச்சினையே."

குரங்கு விளக்கிச் சொன்னது. சின்னத்தில் எதுவும் சும்மா இருக்காது. சிவப்பு என்றால் வீரம். மஞ்சள் என்றால் வள்ளன்மை. பச்சை நம்பிக்கை, வெள்ளை தூய்மை. மஞ்சள்மேல் வெள்ளையோ வெள்ளைமேல் மஞ்சளோ வைக்கவே கூடாது. ஏன் என்று கேட்கவும் கூடாது. நடுவில் ஒரு மிருகம் இருக்க வேண்டும், அந்த மிருகம் அந்தக் குடும்பத்தின் குணம்.

"இது என்ன மிருகம்?" என்றது வேங்கை.

"சிங்கம் ஐயா. உங்களை மாதிரிதான் இருக்கும். கோடு இருக்காது. முகத்தைச் சுத்தி முடி."

"என்னைவிடப் பெரிசா?"

குரங்கு கொஞ்சம் யோசித்தது. "பிஸ்கட் டின்ல பெரிசு."

"நம்ம காட்டுல எங்க இருக்கு?"

"நம்ம காட்டுல இல்லையே. இங்க ஒருத்தரும் பார்த்ததே இல்ல."

வேங்கை மூடியை மறுபடி பார்த்தது. கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆள் மூடிமேல் நிற்கிறான். கண்ணுக்குத் தெரிகிற ஆள் மூடியை நக்கிக்கொண்டு நிற்கிறான். இதை நினைத்தால் யாருக்குத்தான் வருத்தமாக இருக்காது.

மறுநாள் காலையில் உத்தரவு வந்தது. அமாவாசைக்குள் காட்டில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு குலச்சின்னம் மாட்டப்பட்டிருக்க வேண்டும். "சின்னம் இருந்தால் குடும்பம். சின்னம் இல்லாவிட்டால் சாப்பாடு," என்று வேங்கை பாறைமேல் நின்று அறிவித்தது. "இதுவரைக்கும் எது குடும்பம், எது சாப்பாடுன்னு எனக்கே குழப்பமா இருந்துச்சு. இனிமே இருக்காது."

யானைகள் விண்ணப்பிக்கவில்லை. யாரும் அவர்களைக் கேட்கவும் இல்லை.

மற்ற எல்லோரும் ஓடினார்கள். ஓடிய இடம் வெடிப்பலா மரம். அந்த மரத்தின் அடிப்பொந்தில் மலை இருவாச்சி மேடம் அடைகாத்துக்கொண்டிருந்தார். இருவாச்சிகளின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். முட்டையிடும் காலத்தில் பெண் பறவை பொந்துக்குள் போய் வாசலைச் சேறு பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நீட்ட மட்டும் ஓர் இடுக்கு விட்டுவைக்கும். குஞ்சு பெரிதாகும்வரை வெளியே வராது. வீட்டுக்காரர் பழம் கொண்டுவந்து இடுக்கு வழியாக ஊட்டிவிட்டுப் போவார். இப்படி ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஓர் இடுக்கு வழியாக மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்த வேங்கைக்கு, இதைவிட நல்ல ஆபீஸ் கவுண்டர் கிடைக்காது என்று பட்டது. மேடத்தைப் பதிவு அலுவலராக நியமித்துவிட்டது. மாதிரிக்கு அந்த டின் மூடியும் இடுக்குக்குப் பக்கத்தில் ஓர் ஆணி போன்ற முள்ளில் மாட்டப்பட்டது.

விண்ணப்பிக்கிறவர் வெளியே நின்று வாயால் சொல்ல வேண்டும். மேடம் உள்ளே மரப்பட்டையில் அத்திப்பழச் சாறு தொட்டு வரைய வேண்டும். வரைந்ததை இடுக்கு வழியாக வெளியே தள்ள வேண்டும். இதில் ஒரு சிரமம். இடுக்கு மேடத்தின் அலகு அகலம்தான். ஆகவே பட்டையும் அலகு அகலம்தான். நாலு காலில் நிற்கிற மிருகம் அதற்குள் அடங்காது. எனவே மேடம் எல்லா மிருகங்களையும் செங்குத்தாக, பின்னங்காலில் நிற்கிற மாதிரி வரைந்து தள்ளினார்.

"நின்ற கோலம். அது வீரத்தின் அடையாளம்," என்றது குரங்கு, கவுண்டருக்குப் பக்கத்துக் கிளையில் உட்கார்ந்துகொண்டு. அதற்கு இப்போது குலச்சின்ன ஆலோசகர் என்று பதவி.

முதல் நாள் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்டது சிங்கம். முயல் சிங்கம் கேட்டது. காட்டுப்பன்றி சிங்கம் கேட்டது. முள்ளம்பன்றி அக்கா இரண்டு சிங்கம் கேட்டாள். வீட்டில் இரண்டு பேர் சம்பாதிக்கிறோம் என்றாள். மேடம் சிங்கத்தைப் பார்த்ததில்லை. மூடி வெளிப்பக்கம் மாட்டியிருந்ததால் படத்தையும் பார்க்க வழியில்லை. "முகத்தைச் சுத்தி முடி" என்று குரங்கு சொன்னதை வைத்து வரைந்தார். முயலின் வாசலில் குளித்துவிட்டுத் தலை துவட்டாமல் வந்த கீரிப்பிள்ளை ஒன்று நின்றது. அதன் கீழே 'அஞ்சேன்' என்று வாசகம்.

கரடி மட்டும் வித்தியாசமாக, கறுப்புப் பின்னணியில் கறுப்புக் கரடி கேட்டது. பட்டை முழுக்கக் கறுப்பாக வந்தது.

"இதுல கரடி எங்க?" என்று கேட்டது கரடி.

"நீங்க தூரத்துல வர்றப்பவும் இப்படித்தான் இருக்கும்," என்றார் மேடம். "அடுத்தவங்க வாங்க."

அந்தக் காட்டில் ஒரு சருகுமான் இருந்தாள். உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, முயலைவிடக் கொஞ்சம் உயரம், கால்கள் பென்சில் மாதிரி. பெயர் பெர்னதெத். அவ்வளவு சின்ன உடம்புக்கு இது நீளமாக இருந்ததால் பெர்னா என்று கூப்பிட்டார்கள். ஆற்றங்கரையில் கொக்கு சிஸ்டர்கள் நடத்திய பள்ளியில் படித்தவள். அங்கே மூன்று விஷயங்கள் கற்றுக்கொடுத்தார்கள். எழுத்தைக் கோட்டின்மேல் உட்கார வைப்பது. கியூவில் நிற்பது. தப்புச் செய்யாவிட்டாலும் முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுவது. இதில் மூன்றாவதுதான் அவளுக்கு வாழ்க்கையில் அதிகம் உதவியது.

பெர்னாவுக்குப் பதினெட்டு நாள் குட்டி ஒன்று இருந்தது. குட்டியின் அப்பா, சருகுமான்களின் வழக்கப்படி, எங்கேயோ இருந்தார்.

குட்டி பிறந்ததிலிருந்து அவளுக்கு எல்லாவற்றுக்கும் பயம். காய்ந்த இலை விழுந்தால் பயம். விழாவிட்டால் ஏன் இன்னும் விழவில்லை என்று பயம். குட்டி அழுதால் பயம். அழாமல் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று பயம். மூக்கை வைத்துப் பார்ப்பாள். அந்த மூக்கு பட்டுக் குட்டி விழித்துக்கொள்ளும். இனி எப்போது தூங்கும் என்று பயம். இதை யாரிடமாவது சொன்னால் என்ன நினைப்பார்களோ என்று தனியாக ஒரு பயம்.

இப்போது இதெல்லாம் போய் ஒரே ஒரு பயம். சின்னம் வாங்காவிட்டால் குட்டி சாப்பாடு.

தினமும் குட்டியை வேர்ப்பொந்துக்குள் படுக்கவைத்து, மேலே சருகைப் போட்டு மூடிவிட்டு, கியூவில் போய் நின்றாள். ஆனால் அவள் முறை வரவேயில்லை. பின்னால் நிற்பவர் மூச்சு விடுவது காதில் பட்டால், "மன்னிக்கவும், நீங்க முன்னால போங்க," என்று நகர்ந்துவிடுவாள். பின்னால் காட்டுநாய் வந்தால் காட்டுநாய் முன்னால் போகும். மரநாய் வந்தால் மரநாய் முன்னால் போகும். ஒருநாள் ஓர் ஆமையையும் முன்னால் விட்டாள். அன்று பொழுது அப்படியே போனது.

"இப்படி நின்னா நீ அமாவாசைக்கு வரமாட்ட, அடுத்த பௌர்ணமிக்குத்தான் வருவ," என்றாள் முள்ளம்பன்றி அக்கா. "உள்ள போ, சிங்கம்னு சொல்லு, வாங்கிட்டு வா. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"சிங்கம்னா வீரம்னு எழுதணுமாமே அக்கா."

"எழுதேன்."

"எங்க வீட்ல அது இல்லையே."

"எங்க வீட்ல மட்டும் இருக்கா? எங்க வீட்டுக்காரர் கரப்பான் பூச்சியைப் பார்த்தா என் பின்னால வந்து நிப்பாரு. பின்னால முள்ளு இருக்குங்கறதையும் மறந்துடுவாரு."

இதற்கிடையில் வேங்கைக்கு ஒரு சங்கடம் வந்தது. கிட்டத்தட்ட எல்லோரும் சின்னம் வாங்கிவிட்டார்கள். எல்லோரும் குடும்பம். நாலு நாளாக அது சாப்பிடவில்லை. எந்த வாசலுக்குப் போனாலும் பின்னங்காலில் நிற்கிற ஏதோ ஒன்று தொங்கியது. மரியாதைக்குக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டியிருந்தது.

"என்னய்யா இது, காடு பூரா குடும்பமா இருக்கு," என்று குரங்கிடம் குறைப்பட்டது.

"சரிபார்த்தீங்களா ஐயா?"

"எதை?"

"எழுதிக் கொடுத்தா ஆச்சா? வீரம்னு எழுதினவன் வீரனான்னு நேர்ல போய்ப் பார்க்கணும். பொய்யா இருந்தா சின்னத்தை ரத்து பண்ணணும். ரத்தானா என்ன ஆகும்?"

வேங்கையின் முகம் மலர்ந்தது. "சாப்பாடு."

அன்றே சரிபார்ப்புத் தொடங்கியது. முதல் வீடு முயல் வீடு. வேங்கை வாசலில் நின்று 'அஞ்சேன்' என்பதை உரக்கப் படித்தது. பிறகு முயலைப் பார்த்தது. முயல் வேங்கையைப் பார்த்தது. பிறகு முயல் ஓடியது. ஓடின திசையிலேயே ரத்தானது.

காட்டுப்பன்றி வீரத்தோடு பொறுமையையும் சேர்த்து எழுதியிருந்தது. அதன் முன்னால் ஒரு கிழங்கை வைத்து, "நான் சொல்றவரைக்கும் தொடாதே," என்றது வேங்கை. பன்றி தொடவில்லை, முழுங்கியது. மயில் அடக்கம் என்று எழுதியிருந்தது. வேங்கை ஒன்றும் சொல்லவேயில்லை, சும்மா பார்த்தது. மயில் தோகையை விரித்தது. ரத்து.

செய்தி பரவியதும் சின்னம் வாங்கினவர்கள் எல்லோரும் வாசலைப் பார்த்துப் பார்த்து நடுங்கினார்கள். சின்னம் இல்லாவிட்டால் சாப்பாடு. சின்னம் இருந்தால் சோதனை, சோதனைக்குப் பிறகு சாப்பாடு.

அமாவாசை அன்று காலையில் கியூவில் யாருமே இல்லை. பெர்னா மட்டும் நின்றாள். முன்னால் போங்கள் என்று சொல்வதற்கு இனி யாரும் இல்லாததால், வேறு வழியில்லாமல், கவுண்டருக்கு முன்னால் கிடந்த கல்லின்மேல் ஏறினாள். பக்கத்துக் கிளையில் குரங்கு இல்லை. சரிபார்ப்புக்குக் கூடப் போயிருந்தது.

இடுக்குக்குள்ளிருந்து அலகு கேட்டது. "பெயர்?"

"மன்னிக்கவும். பெர்னதெத்."

"குடும்பத்துல எத்தனை பேர்?"

"நானும் குட்டியும். குட்டிக்கு இன்னியோட இருபத்தஞ்சு நாள் மேடம். பகல்லதான் தூங்குது. தூங்குதுன்னு சொல்ல முடியாது. நான் பார்க்காதப்ப தூங்குதுன்னு நினைக்கிறேன்."

"எனக்கும் ஒண்ணு இருக்கு," என்றார் மேடம், கவுண்டர் குரலை விட்டுவிட்டு. "பொரிஞ்சு நாலு நாள். இருட்டுல எதுவும் சரியாத் தெரியல. அலகு எந்தப் பக்கம், வால் எந்தப் பக்கம்னு தடவித்தான் பார்க்கிறேன். அவரு அத்திப்பழம் கொண்டு வர்றேன்னு போனாரு. இன்னும் வரல. ஒவ்வொரு தடவை போறப்பவும் இன்னும் வரலைன்னுதான் இருக்கு."

"வந்துடுவாரு மேடம்."

"வந்துடுவாரு. சரி சொல்லு, உன் குடும்பத்தோட குணம் என்ன?"

"பயம் மேடம்."

"பயம் லிஸ்ட்ல இல்லையே. வீரம், வள்ளன்மை, விசுவாசம், பொறுமை, அடக்கம், இதர."

"இதரன்னா?"

"தெரியல. இதுவரைக்கும் யாரும் அந்தக் கட்டத்துல ஒண்ணும் எழுதினதில்ல." உள்ளே பட்டையைக் கீறுகிற சத்தம் கேட்டது. "இதர: பயம். எழுதிட்டேன். வாசகம்?"

பெர்னா யோசித்தாள். "மன்னிக்கவும்," என்றாள்.

"எதுக்கு?"

"இல்ல மேடம், அதான் வாசகம்."

அதையும் எழுதிக்கொண்ட மேடம், அடுத்த கட்டத்துக்குப் போனார். "தாங்குபவர்?"

"அப்படின்னா?"

"கேடயத்தை ரெண்டு பக்கமும் யாரு தாங்கிப் பிடிக்கிறாங்கன்னு. மாதிரில பார்த்துக்கோ. எல்லாரும் அதைக் காலியா விட்டுட்டாங்க. நீயும் கோடு போட்டுக்கலாம்."

பெர்னா முதல் முறையாக டின் மூடியை நிமிர்ந்து பார்த்தாள். காட்டில் எல்லோரும் அதைப் பார்த்திருக்கிறார்கள். பார்த்து, என்ன கம்பீரம், என்ன பிடரி என்று சொல்லியிருக்கிறார்கள். பெர்னா பார்த்தவிதம் வேறு. அவள் எதைப் பார்த்தாலும் முதலில் பல்லைப் பார்ப்பாள், பிறகு நகத்தைப் பார்ப்பாள், பிறகு அந்த நகத்துக்கும் தனக்கும் எவ்வளவு தூரம் என்று பார்ப்பாள். வாய் திறந்திருந்தது. நாக்கு வெளியே தொங்கியது. பல் பெரிது. நகமும் பெரிது. நகம் எங்கே இருந்தது என்றால், கேடயத்தின்மேல் இருந்தது. நாலு கையும்.

"மேடம், இவங்க கை எல்லாம் கேடயத்து மேலயே இருக்கே."

"ஆமா. தாங்கறாங்க இல்ல."

"எப்ப இறக்கி வைப்பாங்க?"

"இறக்க மாட்டாங்க. இறக்கினா அது சின்னம் இல்ல. சும்மா ரெண்டு சிங்கம்."

"அப்ப சாப்பாட்டுக்கு?"

மேடம் இதை யோசித்துப் பார்த்ததில்லை. யாருமே யோசித்ததில்லை. பொந்துக்குள் குஞ்சு ஒரு தடவை கத்திவிட்டு அடங்கியது.

"தாங்குபவர்னு யாரை வேணா எழுதலாமா மேடம்?" என்று பெர்னா கேட்டாள். குரல் நடுங்கியது. எப்போதும் நடுங்குகிற குரல்தான்.

சாயங்காலத்துக்குள் பட்டை காய்ந்து பெர்னாவின் வேர்ப்பொந்து வாசலில் ஏறிவிட்டது. அது காய்ந்த அரைமணி நேரத்தில் சரிபார்ப்பு வந்தது. முன்னால் குரங்கு, பின்னால் வேங்கை. பின்னால் கொஞ்ச தூரம் விட்டு முள்ளம்பன்றி அக்காவும் கரடியும் இன்னும் சிலரும், ரத்தாவது தாங்கள் இல்லை என்ற நிம்மதியோடு.

பெர்னா குட்டியைக் காலுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டு நின்றாள். ஓட முடியாது. குட்டிக்கு இன்னும் வேகமாக ஓட வராது.

குரங்கு படித்தது. "குணம்: பயம்."

வேங்கை அவளைப் பார்த்தது. பென்சில் கால்கள் நாலும் தனித்தனியாக நடுங்கின. குட்டி அம்மா நடுங்குகிற தாளத்திலேயே நடுங்கியது. வேங்கை லேசாகச் செருமியது. பெர்னாவின் புள்ளிகள் எல்லாம் இடம் மாறின மாதிரி இருந்தது.

"உண்மைதான்," என்றது வேங்கை, ஏமாற்றத்துடன். "இது மாதிரி ஒரு உண்மையை நான் பார்த்ததே இல்ல. வேற எதாவது இருக்கா? ஏதாவது ஒரு பொய்?"

"வாசகம்: மன்னிக்கவும்."

"மன்னிக்கவும்," என்றாள் பெர்னா உடனே.

"அதுவும் உண்மை," என்றது குரங்கு. பிறகு பட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனது. "தாங்குபவர்." நிறுத்திவிட்டு வேங்கையைப் பார்த்தது. "ஐயா, உங்க பேரு போட்டிருக்கு."

"என் பேரா?"

"தாங்குபவர், வலப்பக்கம்: வேங்கை. படமும் இருக்கு. கோடெல்லாம் போட்டிருக்காங்க."

வேங்கை பட்டையைப் பிடுங்கிப் பார்த்தது. மேடம் வேங்கையின் குரலைத் தினமும் கேட்டவர், இடுக்கு வழியாகப் பாதி பாதியாகப் பார்த்தவர். சிங்கத்தைவிட எவ்வளவோ நன்றாக வந்திருந்தது. பின்னங்காலில் நிமிர்ந்து நின்று, நாக்கை நீட்டி, இரண்டு கையாலும் கேடயத்தைப் பிடித்திருந்தது. வால் எஸ் வடிவத்தில் இருந்தது.

இவ்வளவு பெரிய காட்டில், நூற்றுச் சொச்சம் வாசலில், ஒருவர்கூட அதன் படத்தைப் போடவில்லை. எல்லோரும் சிங்கம், சிங்கம், பார்த்தேயிராத சிங்கம். இந்தச் சின்ன உருவம் மட்டும் போட்டிருக்கிறது. வேங்கை படத்தின் வாலை ஒரு நகத்தால் தடவிப் பார்த்தது.

"வாலை நல்லா போட்டிருக்காங்க," என்றது.

"ஆனா இதுலதான் ஐயா பொய் இருக்கு," என்றது குரங்கு உற்சாகமாக. "நீங்க தாங்கலையே. இங்க கீழதானே நிக்கிறீங்க. ரத்து பண்ணிடலாம்."

பெர்னா கண்ணை மூடிக்கொண்டாள். குட்டியின் தலைமேல் தாடையை வைத்தாள்.

"இரு," என்றது வேங்கை. "நான் இருக்கிற ஒரே சின்னம் இது. இதையும் ரத்து பண்ணிட்டா அப்புறம் காடு பூரா அந்த மூடிக்காரன்தான்." அது மெதுவாகப் பின்னங்காலில் எழுந்தது. பழக்கமில்லாததால் ஒரு தடவை தள்ளாடியது. இரண்டு கையாலும் பட்டையைப் பிடித்து வாசலோடு சேர்த்து வைத்தது. நாக்கை நீட்டியது. "இப்ப?"

"வால் ஐயா," என்றாள் பெர்னா கண்ணைத் திறக்காமலே. "மன்னிக்கவும். வால் இன்னும் கொஞ்சம் மேல."

வால் எஸ் வடிவத்துக்கு வந்தது. கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. உண்மையில் நன்றாகத்தான் இருந்தது.

"எப்படி இருக்கு?" என்று வேங்கை நாக்கை உள்ளே இழுக்காமல் கேட்டது.

"சிங்கம் தோத்துது," என்றாள் முள்ளம்பன்றி அக்கா. "எங்க வீட்லயும் ஒரு நாள் வந்து நிக்கணும்."

கால்மணி நேரம் ஆனது. வேங்கையின் முழங்கால் நடுங்கத் தொடங்கியது. "ஆலோசகரே, சரிபார்த்தாச்சு இல்ல. இறக்கலாமா?"

குரங்குக்குத் தன் அறிவைக் காட்டாமல் இருக்கத் தெரியாது. "இறக்கினா படம் பொய்யாயிடும் ஐயா. அந்த டின் மூடிச் சிங்கம் எத்தனை வருஷமா நிக்குது? ஒரு தடவையாவது இறக்குச்சா?"

"இறக்கலையா?"

"எஸ்டேட் கிளப்ல ஒரு மூடி துருப்பிடிச்சே போச்சு. அப்பவும் இறக்கல."

வேங்கை பல்லைக் கடிக்கப் பார்த்தது. நாக்கு நடுவில் இருந்ததால் முடியவில்லை. "அப்ப நானும் இறக்க மாட்டேன். ஆனா பசிக்குது."

"சின்னத்துல இருக்கிறவங்க சாப்பிடக் கூடாது ஐயா. யோசிச்சுப் பாருங்க, டின்னு முழுக்க பிஸ்கட்டு. அந்தச் சிங்கம் ஒண்ணாவது எடுத்துச்சா?"

கூட்டம் இதைக் கேட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. முதலில் கரடி மெல்ல உட்கார்ந்தது. பிறகு மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். வேங்கைக்கு இவ்வளவு பக்கத்தில் காட்டில் யாரும் உட்கார்ந்ததில்லை. ஆமை தன் பையிலிருந்து கிழங்கு எடுத்து எல்லோருக்கும் கொடுத்தது. சரிபார்ப்பு அதிகாரியான வேங்கையின் கை இரண்டும் வேலையாக இருந்தபடியால் அதன் பிறகு யாருடைய சின்னமும் சரிபார்க்கப்படவில்லை.

"மன்னிக்கவும்," என்றாள் பெர்னா. அவள் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தாங்குபவர் ரெண்டு பேரு. மேடம் இடப்பக்கத்துக்கும் ஒருத்தரை எழுதியிருக்காங்க. நான் சொல்லல. மேடமே எழுதியிருக்காங்க."

"யாரு?" என்றது குரங்கு.

வேங்கை கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பிப் படித்தது. "இடப்பக்கம்: ஆலோசகர்." பிறகு குரங்கைப் பார்த்தது. "வாய்யா. ஒரு பக்கம் மட்டும் பிடிச்சா சாயுது."

"ஐயா, நான் ஆலோசனை மட்டும்தான்."

"நாக்கை நீட்டு."

குரங்கு வந்து நின்றது. உயரம் போதாததால் ஒரு கல்லைப் போட்டுக்கொண்டது. இரண்டு கையாலும் பிடித்தது. நாக்கை நீட்டியது. வாசலின் வலப்பக்கம் வேங்கை, இடப்பக்கம் குரங்கு, நடுவில் பட்டை, பட்டையின் நடுவில் மேடம் வரைந்திருந்த ஒரு சருகு. சருகுக்கு அடியில் ஏதாவது இருக்கிறதா, இல்லையா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அமாவாசை போய்ப் பிறை வந்தது. இருவாச்சியின் வீட்டுக்காரர் அத்திப்பழத்தோடு வந்து சேர்ந்தார். வழியில் யாரோ வண்டியை நிறுத்திப் போட்டோ எடுத்தார்களாம், அலகைக் காட்டச் சொன்னார்களாம். பெர்னாவின் குட்டி நன்றாக வளர்ந்தது. வாசலில் இருபுறமும் நிற்கிறவர்களின் காலுக்கு இடையில் ஓடி விளையாடியது. வேங்கையின் வாலைத் தினமும் இரண்டு தடவையாவது இழுத்துப் பார்த்தது. காட்டில் இப்போது மிகப் பத்திரமான வீடு அதுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த வாசலைத் தாண்டி யார் உள்ளே போவார்கள்.

பெர்னாவின் பயம் குறைந்ததா என்று கேட்பீர்கள். எங்கே குறையும். முன்பெல்லாம் வேங்கை எங்கேயோ இருந்தது. எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பயந்தாள். இப்போது மூன்றடியில் இருந்தது; எங்கே இருக்கிறது என்று தெரிந்து பயந்தாள். குட்டிக்குப் பால் கொடுக்கும்போதுகூடத் திரும்பித் திரும்பி எண்ணிக்கொண்டாள். வேங்கையின் கை ஒன்று, இரண்டு. சரி. குரங்கின் கை ஒன்று, இரண்டு. சரி. மறுபடி முதலிலிருந்து.

ஒரு மத்தியானம் வேங்கை மெல்லக் கூப்பிட்டது. குரல் இளைத்திருந்தது. உடம்பும் இளைத்திருந்தது, கோடுகள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வந்துவிட்டன.

"அம்மா பெர்னா."

"மன்னிக்கவும். சொல்லுங்க ஐயா."

"மூக்கு அரிக்குது. ஒரே ஒரு ஈ. நேத்துலேருந்து உட்கார்ந்திருக்கு. கொஞ்சம் கிட்ட வந்து சொறிஞ்சு விடுறியா? உனக்குப் புண்ணியமாப் போகும்."

பெர்னா ஈயைப் பார்த்தாள். மூக்கைப் பார்த்தாள். மூக்குக்குக் கீழே இருந்ததையும் பார்த்தாள். உண்மையிலேயே பாவமாகத்தான் இருந்தது. குட்டியை வயிற்றுக்கு அடியில் இழுத்துக்கொண்டு இரண்டு அடி பின்னால் நகர்ந்தாள்.

"செய்யலாம் ஐயா. ஆனா எங்க குடும்பத்தோட குணம் பயம்னு எழுதிக் கொடுத்திருக்கேன். நான் கிட்ட வந்து உங்க மூக்கைச் சொறிஞ்சேன்னா அது பொய்யாயிடும். சின்னம் ரத்தாயிடும். அப்புறம் நீங்களும் அதுல இருக்க மாட்டீங்க."

வேங்கை நெடுநேரம் யோசித்தது. ஈ மூக்கின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நடந்து போனது.

"அதுவும் சரிதான்," என்றது வேங்கை, பட்டையை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு.

நீதி: உங்களைத் தின்ன வருகிறவரை எதிர்த்து நிற்க வேண்டாம், அவருடைய இரண்டு கையிலும் ஒரு கௌரவத்தைக் கொடுத்துவிட்டு, மூன்றடி தள்ளி நின்று நடுங்கிக்கொண்டிருந்தால் போதும். அவருக்கு மூக்கு அரித்தால் அது அவர் பாடு.